பல் படாமல்

"ராத்திரி பல்லு தேய்ச்சதுக்கு அப்புறம் பையன் என்ன சாப்பிடறான்?"

அன்றைக்கு இதே கேள்வியை மாதவி பதினோராவது தாயிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். திருப்பதியில் குழந்தைகளுக்கென்றே நடக்கும் அந்தப் பல் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை இரண்டு. டாக்டரம்மா கையை நீட்டினால் கேட்பதற்கு முன்பே கருவியை எடுத்துக் கொடுப்பது ஒன்று. வருகிற தாய்மார்களை உட்காரவைத்து விசாரித்துப் படிவம் நிரப்புவது மற்றொன்று. முதல் வேலைக்குக் கையுறை தருவார்கள். இரண்டாவதற்கு வேண்டிய பொறுமையை வீட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும், அவள் கொண்டுவந்ததோ மாலை நான்கு மணிக்கெல்லாம் தீர்ந்துபோய்விடும்.

எதிரில் இருந்த அம்சவேணி வெதுருகுப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள். மடியில் ஐந்து வயதுச் சாய்குமார், வலது கன்னம் வீங்கி, உலகத்தின் மேலேயே கோபமாக உட்கார்ந்திருந்தான்.

"ராத்திரில வேற தேய்க்கணுமா? காலைலயே இவன் பின்னால தொரத்திக்கினு ஓடறேன் நானு."

"சரி, தூங்கறதுக்கு முன்னாடி என்ன சாப்பிடுவான்?"

"இன்னா, பிஸ்கட்டுதான். துன்னுக்கினே தூங்கிடுவான். அத்தப் புடுங்குனா தெருவே எழுந்து வந்து நிக்கும், அப்பிடிக் கத்துவான். ஏம்மா, பால் பல்லுதானே? விழப்போற பல்லுக்கு இம்மாம் கேள்வியா?"

விழப்போற பல்லு! இந்த வார்த்தை காதில் விழுந்தால் மாதவிக்குச் சுருக்கென்று ஏறும். இரண்டு வருஷமாக இதற்கென்றே ஒரு பிரசங்கம் வைத்திருந்தாள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஆறு வயதில் எந்தப் பால் பல்லும் விழாமலே, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் சத்தம் போடாமல் முளைக்கும். அது பால் பல் இல்லை. கிழவனாகும்வரை சோறு மெல்ல வேண்டிய பல். முன்னால் நிற்கிற பல்லெல்லாம் அழுகிக் கிடந்தால் இதற்கும் அதே கதிதான். இதுவும் பால் பல்தான் போலிருக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டு, எட்டு வயதில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கண்ணைக் கசக்குவதில் யாருக்கு என்ன லாபம்? எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "நாம தின்ன வெச்சதுதான் பிள்ளை வாயில தெரியும்" என்று எப்போதும் போலக் கொஞ்சம் காரமாகவே முடித்தாள். அம்சவேணி முகம் சுண்டிப் போயிற்று.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட ஆட்டோவில் வந்து இறங்கினாள் ஸ்ரீவல்லி. மாதவியின் ஒரே பெண், ஆறரை வயது. அம்மாவின் வேலை முடியும்வரை தண்ணீர் கேனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். சிகிச்சை நாற்காலியில் அப்போது நோயாளி இல்லாததால் டாக்டர் சுஹாசினி தெலுங்கும் தமிழும் கலந்து அவளை வந்து உட்காரச் சொன்னாள். "ரா தல்லி, கூர்ச்சோ. போன வருஷம் பார்த்தது, பெரிய பல்லு வந்திருக்கணுமே." மாதவி சிரித்துக்கொண்டேதான் விளக்கைத் திருப்பிப் பிடித்தாள். தன் பெண்ணின் பல்லைப் பற்றி அவளுக்கு ஒரு கர்வமே உண்டு.

டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டு வலது பக்கம் பார்த்தாள். தலையாட்டினாள். இடது பக்கம் திருப்பினாள். கண்ணாடி அங்கேயே நின்றது.

"எடம வைப்பே எந்துகு, மாதவி?"

இடது பக்கம் மட்டும் ஏன்? மாதவி குனிந்து பார்த்தாள். வலது பக்கம் கீழே கடைவாய்ப் பால் பற்கள் இரண்டும் முத்தாக இருந்தன. இடது பக்கம் கீழே அதே இரண்டும் கறுத்து, நடுவில் குழி விழுந்திருந்தன. அவற்றுக்குப் பின்னால், இப்போதுதான் ஈறைத் தள்ளிக்கொண்டு முழுதாக வெளியே வந்திருந்த புதுக் கடைவாய்ப்பல். அதன் ஓரத்தில் சுண்ணாம்பு தொட்டுவைத்தது போல ஒரு வெள்ளைத் திட்டு. அரிப்பு ஆரம்பிக்கும் அடையாளம் அது என்று மாதவிக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

டாக்டர் பழைய படிவத்தை எடுக்கச் சொன்னாள். மாதவியின் குண்டு குண்டான கையெழுத்து. பல் தேய்ப்பது: இரண்டு வேளை. இரவில் இனிப்பு: இல்லை. தேய்த்த பின் உணவு: இல்லை. "இப்ப ஏதாவது மாறியிருக்கா? நைட்லோ ஏமன்னா தின்டுந்தா?" ராத்திரி ஏதாவது தின்கிறாளா?

"இல்லவே இல்லை டாக்டர். ஏழு மணிக்குள்ள சாப்பிட்டு, நானே தேய்ச்சுவிடறேன்."

நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த ஸ்ரீவல்லி வகுப்பில் கேட்பது போல ஒரு விரலைத் தூக்கினாள். கண்ணாடியை எடுத்ததும் சொன்னாள்: "கல்கண்டு."

"அது பிரசாதம்டி" என்றாள் மாதவி, யோசிக்காமல்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அவளுக்கு முன்னால் அம்சவேணி காதில் விழுந்துவிட்டது. வீங்கிய பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, வட்டியோடு திருப்பிக் கொடுத்தாள். "அப்ப எம்புள்ள துன்னா பிஸ்கட்டு, ஒம்புள்ள துன்னா பிரசாதமா? பல்லுப் பூச்சிக்கு இன்னாமா தெரியும் அது?"

டாக்டர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாதவிக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது. கோபம் யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மாதவி புகுந்த வீடு தெப்பக்குளத்துக்குப் பின்னால் உள்ள பழைய தெருவில் இருந்தது. தெருக்கோடியில் ஒரு சின்னப் பெருமாள் கோயில். அங்கே மாலை ஆராதனம் முடிந்ததும் கல்கண்டு விநியோகிக்கும் உரிமை ஐந்து தலைமுறையாக அவள் மாமனார் வேதாந்தத்தின் குடும்பத்துக்குத்தான். கூடவே ஒரு வழக்கம். அந்த வீட்டுக் குழந்தைக்கு ஐந்து வயது முடிந்ததும், தினமும் மாலையில் கோயிலுக்குப் போய் முதல் கல்கண்டை வாங்கிக்கொள்ள வேண்டும். புளியங்கொட்டை அளவில் இரண்டு கட்டி. அதைக் கடிக்கக் கூடாது. துளசியைக் கடிக்காதது போல, பெருமாள் அமுது செய்ததையும் பல் படாமல் கன்னத்தில் அடக்கி, தானாகக் கரையவிட வேண்டும். கரைந்த பிறகு வாயைக் கொப்பளிப்பது அதைவிடப் பெரிய அபசாரம். போன புரட்டாசியிலிருந்து ஸ்ரீவல்லி இதைத் தவறாமல் செய்துகொண்டிருந்தாள். ஏழே காலுக்குத் தாத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு போவாள். எட்டு மணிக்குத் தாத்தாவின் தோளில் இடது கன்னத்தைச் சாய்த்து, தூங்கியபடியே வருவாள். அந்தக் கன்னத்துக்குள் கல்கண்டு பாதி கரைந்தும் கரையாமலும் இருக்கும். மாதவி அப்படியே வாங்கிப் படுக்கையில் விடுவாள்.

ஒரு வருஷம், முந்நூறு இரவுகளுக்கு மேல். தினமும் வாங்கிப் படுக்கவைத்தவள் அவள்தான். ஊரார் பிள்ளைகளின் பிஸ்கட்டை எல்லாம் எண்ணியவளுக்குத் தன் பிள்ளையின் கன்னத்தில் இருந்தது ஏன் தெரியாமல் போயிற்று? தெரியாமல் இல்லை. பிரசாதம் சாப்பாட்டில் சேராது, அவ்வளவுதான். ஏகாதசி உபவாசத்தன்றுகூடப் பிரசாதத்தை மறுக்கக் கூடாது என்று வளர்ந்தவள் அவள். அது தின்பதே இல்லை என்றானபின் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அன்று அவள் வீட்டுக்கு வந்து வழக்கம்போல முதலில் குளித்தாள். அதுவும் ஒரு சட்டம். நாலு ஊர்ப் பிள்ளைகளின் எச்சில் வாயில் கைவிட்டுவிட்டு வருகிறவள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் தளிகை நடக்கும் சமையலறைப் பக்கம் போகக் கூடாது என்பது வேதாந்தத்தின் ஏற்பாடு. இரண்டு வருஷமாகச் சலிக்காமல் குளித்தவள், இன்றைக்கு ஈரத் தலையோடு நேராகக் கூடத்துக்கு வந்து நின்றாள்.

வேதாந்தம் சாய்வு நாற்காலியில் இருந்தார். அறுபத்தெட்டு வயது. கோயில் கோஷ்டியில் முதல் வரிசையில் நின்று கணீரென்று பாசுரம் சேவித்தவர். ஐம்பது வயதில் பல்லெல்லாம் போய், பல்செட் வைத்த பிறகு ‘ஸ’ வரும் இடத்திலெல்லாம் ஒரு விசில் சத்தம் கிளம்பியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அவராகவே இரண்டாவது வரிசைக்கு நகர்ந்துகொண்டார். அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தித்தான் சேவிக்கிறார்.

"மாமா, வல்லிக்கு இனிமே ராத்திரி கல்கண்டு வேண்டாம்" என்றாள் மாதவி. டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். கைபேசியில் எடுத்து வைத்திருந்த படத்தை நீட்டினாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எச்சில் வாயைப் படம் பிடிச்சுண்டு வந்து ஆராதனத்துக்குப் போற நேரத்துல காட்டறயே, நன்னாருக்கா? பெருமாள் அமுது செஞ்ச கல்கண்டு பல்லைக் கெடுக்கும்னு உங்க டாக்டர் சொல்றாளா?"

"சக்கரை கெடுக்கும்னு சொல்றா. ராத்திரி பூரா வாயில இருந்தா கெடுக்கும்."

"அது சக்கரை இல்லை. பிரசாதம்."

நாலு மணிநேரத்துக்கு முன்னால் தான் சொன்னதையே அவர் சொன்னபோது மாதவிக்கு அம்சவேணியின் ஞாபகம் வந்தது. அவளைப் போலப் பட்டென்று திருப்பிக் கொடுக்க நாக்கு துடித்தது. அதற்குள் அவள் கணவன் ரகுராம் உள்ளேயிருந்து வந்துவிட்டான். ஜூனியர் காலேஜில் பௌதிகம் நடத்துகிறவன். வகுப்பில் நியூட்டனைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவான், அப்பாவுக்கு முன்னால் வாயில் கல்கண்டு வைத்தவன் மாதிரி நிற்பான்.

"நம்மாத்துப் பல்லே அப்படித்தான்" என்றார் வேதாந்தம், கொஞ்சம் தணிந்து. "எங்கப்பாவுக்கு நாப்பத்தஞ்சுல போச்சு. எனக்கு அம்பதுல. இவன் முப்பத்தாறு வயசுல நாலு ரூட் கெனால் பண்ணிண்டிருக்கான். வம்ச வாகு. அதுக்குப் பெருமாளை ஏன் இழுக்கறே?"

கூடத்துச் சுவரில் நான்கு தலைமுறைப் படங்கள் தொங்கின. கல்யாணப் படங்கள், சஷ்டியப்தபூர்த்திப் படங்கள். ஒரு படத்திலாவது யாரும் பல் தெரியச் சிரிக்கவில்லை. குடும்பத்துக்கே ஒரு கம்பீரம் என்றுதான் மருமகளாக வந்த புதிதில் மாதவி நினைத்திருந்தாள். இப்போது பார்க்கையில் ஒவ்வொருவரின் இடது கன்னமும் கொஞ்சம் ஒட்டியிருப்பதாகப் பட்டது. பிரமையாகக்கூட இருக்கலாம்.

"மாமா, உங்களுக்கு முதல்ல எந்தப் பக்கம் போச்சு?"

வேதாந்தம் சுவரிலிருந்த படங்களை நிமிர்ந்து பார்த்தார். ரகுராமின் கை, அவனை அறியாமலே, தன் இடது கன்னத்துக்குப் போயிற்று.

"உங்களையும் தோள்ல சாய்ச்சுத்தானே தூக்கிண்டு வந்திருப்பா? இந்தாத்துல வம்ச வம்சமா வர்றது பல்லு இல்லை மாமா. கல்கண்டு."

வேதாந்தம் எழுந்தார். உத்தரீயத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். விரலைப் பிடித்துக்கொள்ள ஓடிவந்த ஸ்ரீவல்லியைப் பார்க்காமல், "இனிமே நீ வரவேண்டாம்மா. உங்கம்மாவுக்கு இஷ்டமில்லை" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் படியிறங்கிப் போனார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியே. புதன்கிழமை டாக்டர் இரண்டு குழிகளையும் அடைத்தாள். வியாழக்கிழமை அந்தப் புதுப் பல்லை நன்றாக உலர்த்தி, அதன் மேல்பள்ளங்களில் வெள்ளைப் பூச்சு ஒன்றை வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக்கினாள். சிமெண்டு பூசிய தொட்டி மாதிரி இனிமேல் பள்ளத்தில் எதுவும் தங்காது. ஆனால் பல்லின் ஓரத்தில் இருக்கும் வெள்ளைத் திட்டை எந்தப் பூச்சும் காப்பாற்றாது, தினசரி வழக்கம்தான் காப்பாற்ற வேண்டும். "மானேயமனி நேனு செப்பட்லேது" என்றாள் டாக்டர். விடச் சொல்லவில்லை நான். "நமிலி மிங்கமனு. தர்வாத்த ப்ரஷ்." மென்று விழுங்கச் சொல், பிறகு தேய்த்துவிடு, அவ்வளவுதான். அவள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். மென்றால் ஒரு அபசாரம், கொப்பளித்தால் இன்னொன்று என்பது அவளுக்கு எங்கே தெரியும்?

வீட்டில் பல்லைவிடப் பெரிய வலி வேறு இருந்தது. ஏழே காலானால் ஸ்ரீவல்லி பாவாடையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். தாத்தா அவளைச் சுற்றிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் அவள் கேட்டாள்: "நான் என்னம்மா தப்புப் பண்ணினேன்? நான் ஒருநாள்கூடக் கடிக்கலையே?"

பெரியவர்கள் சொன்ன சொல்லை ஒரு வருஷம் அட்சரம் பிசகாமல் கேட்ட பெண். கேட்டதற்குப் பலனாக வாயில் இரண்டு குழி, கேட்டும் வாசலில் நிற்கிற தண்டனை. அன்று மாதவி அழவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அது மாமனாரின் மேல் மட்டும் இல்லை. சத்தம் போட்டால் குடும்பம் கெடும் என்று பத்து வருஷமாக வாயை மூடிக்கொண்டு இருந்த தன் மேலும்தான்.

ரகுராம் ஒரு யோசனை சொன்னான். "கோயில்ல யாராவது கேட்டா ஜுரம்னு சொல்லிடலாம் மாதவி. கொஞ்ச நாள் போனா அப்பாவே மறந்துடுவார். பிரச்சினையே வராது."

"ஜுரம்னு எத்தனை நாளைக்குச் சொல்வேள்? அவ என்ன திருடினாளா, ஒளிச்சு வைக்க? சனிக்கிழமை நான் கூட்டிண்டு போறேன். வாங்கிப்பா. நான் சொல்ற மாதிரி வாங்கிப்பா."

"புரட்டாசி சனிக்கிழமை. தெருவே அங்க இருக்கும்."

"இருக்கட்டும்."

அவன் கை மறுபடி இடது கன்னத்துக்குப் போயிற்று. பிறகு, "ரூட் கெனால் நாலுல மூணு இடது பக்கம்" என்றான் யாரிடமோ சொல்வது போல. சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். அதற்கு மேல் அவனிடம் எதிர்பார்க்க முடியாது என்று மாதவிக்குத் தெரியும். ஆனாலும் அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை மாலை கோயிலில் நிற்க இடமில்லை. மலைக்குப் போகிறவர்கள், மலையிலிருந்து இறங்கினவர்கள், தெருக்காரர்கள் என்று மண்டபம் முழுக்க ஜனம். இரண்டு வரிசையாகக் கோஷ்டி சேவித்து முடித்தது. தீர்த்தம், சடாரி எல்லாம் ஆனபின் வேதாந்தம் வெள்ளித் தட்டில் கல்கண்டோடு துவாரபாலகர் பக்கத்தில் வந்து நின்றார். வரிசை நகர்ந்தது. மாதவி பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் போல வரிசையில் நின்றாள். கைப்பையில் பூப்போட்ட சின்ன பிரஷ் ஒன்று இருந்தது. கோயிலுக்குத் தேங்காய் பழம் கொண்டுவந்திருக்கிறாள், பூ கொண்டுவந்திருக்கிறாள். பிரஷ் கொண்டுவருவது இதுதான் முதல் தடவை.

அவர்கள் முறை வந்தது. வேதாந்தம் நிமிர்ந்து பார்த்தார். அவர் கை தட்டின் மேல் அப்படியே நின்றது. வீட்டில் வரவேண்டாம் என்று சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. சன்னிதியில் கையேந்தி நிற்பவருக்குப் பிரசாதம் இல்லை என்று சொல்ல அவருக்கு மட்டும் இல்லை, யாருக்குமே அதிகாரம் இல்லை. அது மாதவிக்குத் தெரியும். தெரிந்துதான் வரிசையில் நின்றாள். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள்.

அவர் இரண்டு கட்டியை எடுத்து ஸ்ரீவல்லியின் உள்ளங்கையில் வைத்தார். ஐந்து நாளுக்குப் பிறகு தாத்தாவின் விரல் பட்டதில் அவள் முகம் மலர்ந்தது. ஒரு வருஷமாகச் சொல்வதை அவர் அன்றைக்கும் சொன்னார். "பல் படாம."

"கடி" என்றாள் மாதவி.

உரக்கச் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது வரிசைக் கோஷ்டிவரைக்கும் கேட்டது. யாரோ "என்னது?" என்றார். மண்டபத்தின் இரைச்சல் அவர்களைச் சுற்றிக் கொஞ்சம் அடங்கியது.

ஸ்ரீவல்லி தாத்தாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். ஆறரை வயதுப் பெண்ணை இரண்டு பேருக்கும் நடுவில் இப்படி நிறுத்திவிட்டோமே என்று மாதவிக்கு ஒரு கணம் தன்மேலேயே வெறுப்பு வந்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. அந்தக் கணத்தில்தான் வெள்ளைத் திட்டு ஞாபகம் வந்தது. அது யாருடைய மனசு நோகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்காது.

"வலது பக்கம் வெச்சுண்டு கடிடா கண்ணா. பெருமாள் கோச்சுக்க மாட்டார். கோச்சுண்டா அம்மாமேல கோச்சுக்கட்டும்."

ஸ்ரீவல்லி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு கட்டியை வாயில் போட்டாள்.

கடக்.

அவ்வளவு சின்ன வாயிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மறுபடி கடக், மொறுமொறு. முன் வரிசைக் கிழவர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். பின்னால் நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். ஸ்ரீவல்லி ஒரு கண்ணை மட்டும் திறந்து, எதுவும் இடிந்து விழவில்லை என்று பார்த்துக்கொண்டு, இரண்டாவதையும் போட்டுக் கடித்தாள். இந்தத் தடவை கொஞ்சம் வேண்டுமென்றே. விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள்.

வேதாந்தம் அடுத்தவருக்குக் கல்கண்டு கொடுத்தார். அவருக்கு அடுத்தவருக்கும் கொடுத்தார். யாரிடமும் ‘பல் படாம’ என்று அவர் அப்புறம் சொன்னதாக மாதவிக்குக் கேட்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் ரகுராம் தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தான்.

கோயிலுக்குள் துப்பக் கூடாது. அந்த மரியாதையை மீற அவள் வரவில்லை. கோபுர வாசலைத் தாண்டி, கமலம்மா பூக்கடைக்குப் பக்கத்தில் இருந்த கைப்பம்புக்குப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனாள். பட்டாணி அளவு பேஸ்டைப் பிரஷில் வைத்து, முகத்தை நிமிர்த்திப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா இது, கோயிலாண்ட வந்து பல்லு வெளக்கிக்கினு!" என்றாள் கமலம்மா, கட்டிக்கொண்டிருந்த மாலையை விட்டுவிட்டு.

"பிரசாதம் சாப்ட்டா கமலம்மா. அதான்."

செருப்பு மாட்டிக்கொண்டு போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மாதவி கடைவாய்ப்பல்வரை பிரஷை விட்டு நிதானமாக, ஒவ்வொரு பல்லாக, ஆஸ்பத்திரியில் மற்ற தாய்மார்களுக்குப் பொம்மைப் பல்லில் காட்டுகிற மாதிரியே தேய்த்தாள். அவசரப்பட்டால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும். நுரை ஸ்ரீவல்லியின் முகவாயில் வழிந்தது. கொப்பளிக்கத் தண்ணீர் வேண்டும். ஒரு கை முகவாயில், ஒரு கை பிரஷில். பம்பை அடிக்க மூன்றாவது கை இல்லாமல் அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

பம்பு தானாகக் கிறீச்சிட்டது. திரும்பினால் வேதாந்தம். உத்தரீயத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, தெருவின் மறுகோடியைப் பார்த்தபடி அடித்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம்" என்றார். ‘ச’வில் மெல்லிய விசில் சத்தம் வந்தது. "நாலு பேர் பாக்கறா."

"பாக்கட்டும் மாமா."

தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. ஸ்ரீவல்லி இரண்டு கையாலும் ஏந்திக் கொப்பளித்து, சாக்கடைக்குள் சரியாக விழும்படி எட்டித் துப்பினாள். பாவாடை நுனியில் வாயைத் துடைத்தாள். பிறகு, அவள் உலகத்தில் இதுவரை எதுவுமே நடக்காதது போல, தாத்தாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, புதுப் பல்லுக்கு டாக்டர் பூச்சுப் பூசியிருக்கா. நீங்க பாக்கவே இல்லையே. ஆ…"

பூக்கடையின் குண்டு பல்புக்கு நேராக முகத்தைத் திருப்பி, வாயை முடிந்தவரைக்கும் பிளந்துகொண்டு நின்றாள். மாதவி பிரஷை உதறி, மூடி போட்டுக் கைப்பைக்குள் வைத்தாள். நாளைக்கும் வேண்டும். வேதாந்தம் அசையவில்லை. கோபுர வாசலில் அவருடைய கோஷ்டிக்காரர்கள் இரண்டு பேர் வந்து நின்று இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் வாயை மூடுவதாக இல்லை.

பம்பின் கைப்பிடியை மேலே தூக்கினவர் அதைக் கீழே விடாமலே, மெல்லக் குனிந்தார்.